சுளகில் தூக்கிய குட்டி

என் கணவர் அதை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். மூடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டிருந்தது. ஏதோ தின்பண்டம் என்று நினைத்துக் கையை நீட்டினேன். உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம். நான் கையை இழுத்துக்கொண்டு கட்டில் மேல் ஏறி நின்றுவிட்டேன்.

“ஏளா, குட்டிளா. எதுக்கு இந்தக் குதி குதிக்க?” என்று சிரித்தார்.

பொமரேனியன் ஜாதி. பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வெள்ளைப் பஞ்சுக்கு நடுவில் மூன்று கறுப்புப் புள்ளி, இரண்டு கண்ணும் ஒரு மூக்கும். துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் வீட்டு நாய் போட்டது. தாய்க்குப் பால் வற்றிவிட்டதாம். அதிகாரிக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டதால் குட்டிகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார். இது நோஞ்சான் என்று யாரும் எடுக்கவில்லை. என் கணவர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், என்னைக் கேட்காமல்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஓட்டப்பிடாரத்தில் எங்கள் தெருவில் ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினமும் அப்பா என்னைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். ஊசிகூட மறந்துபோயிருக்கும். அங்கே ஒரு கம்பி போட்ட ஜன்னல் இருந்தது. ஒருநாள் அதன் வழியாகப் பார்த்தேன். வெறிநாய் கடித்த ஒரு ஆள் சுவரோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் இதுவரை யாரிடமும் விவரித்துச் சொன்னதில்லை. அப்பா என் கண்ணைப் பொத்துவதற்குள் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த நாய் எதிரே வந்தாலும் எனக்கு அந்தத் தம்ளர்தான் ஞாபகம் வரும்.

“நீங்க வேலைக்குப் போயிட்டா இதோட நான் தனியா இருக்கணுமா?” என்றேன்.

“உள்ளங்கை அகலம்கூட இல்ல. இது உன்னை என்ன செஞ்சிரப் போகுது?”

நான்கு நாள் அவரே பார்த்துக்கொண்டார். ஐந்தாம் நாள் அவர் வேலைபார்த்த, கடலடி மண்ணை அள்ளுகிற மண்வாரிக் கப்பலைப் பாம்பனுக்கு அனுப்புவதாக உத்தரவு வந்தது. அவர் அதில் ஃபிட்டர். மூன்று வாரம் ஆகும் என்றார். பாலில் பாதி தண்ணீர் கலந்து காய்ச்சி ஆற்றி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், ராத்திரி பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தன் துணிப்பெட்டியை எடுத்தார். வாசல் வரை போய்த் திரும்பி, “பசி தாங்காது, பாத்துக்க” என்றார். நான் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவர் காலடியில் உருண்டுகொண்டிருந்த அந்த வெள்ளைப் பஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருந்தது ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில். மாடியில் வீட்டுக்காரம்மா. கான்வென்டில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், விதவை. தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். குட்டி வந்த அன்றே படியில் நின்று மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டுச் சொன்னார்: “இந்தா பாரு பிள்ள, மூத்திர வாடை ஒருநாள் என் குசினி அடுப்பு வரைக்கும் வந்துச்சுன்னா, வேற வீடு பாத்துக்கிட வேண்டியதுதான்.”

ஆக எனக்கு இரண்டு பயம். கீழே நாய், மேலே டீச்சர்.

அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தூங்கி எழுந்தால் போகும். பால் குடித்தால் போகும். ஒரு நூலைப் பிடித்து இழுத்து விளையாடினால், பாதி விளையாட்டில் நிறுத்திவிட்டுப் போகும். சிமெண்டுத் தரையில் சின்னச் சின்னக் குளங்கள். நான் ஈரத்துணியும் பினாயிலுமாக அதன் பின்னாலேயே நடந்தேன், நாலடி தள்ளி. கையால் தொட மட்டும் முடியவில்லை. அதன் வாய்க்குள் அரிசியின் நுனி மாதிரி பற்கள் முளைத்திருந்தன. கொட்டாவி விடும்போது அவை தெரியும். நான் இன்னும் ஓரடி தள்ளிக்கொள்வேன்.

இரண்டாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தேன். சுளகு. அரிசி புடைக்கிற சுளகைத் தரையோடு வைத்து, விளக்குமாற்றால் குட்டியை மெல்ல அதற்குள் தள்ளுவேன். இரண்டு கையிலும் சுளகைத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டே பின்கட்டுக்குப் போய், பூவரச மரத்தடி மணலில் சரித்துவிடுவேன். அது உருண்டு விழுந்து, எழுந்து, மூக்கைத் தரையில் வைத்து ஒரு வட்டம் அடித்து உட்காரும். வேலை முடிந்ததும் மறுபடி சுளகு. அதற்கு இது பிடித்துப்போயிற்று. சுளகைக் கண்டாலே தானாக ஏறி உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தது, பல்லக்கில் போகிற மாதிரி.

மூக்கைத் தரையில் தேய்த்து வட்டமடித்தால் அடுத்து என்ன என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த வட்டம் தொடங்கும்போதே சுளகை நீட்டிவிடுவேன். வாரக் கடைசியில் தரையில் குளங்கள் நாளுக்கு ஒன்று இரண்டாகக் குறைந்தன. டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இப்படியே மூன்று வாரத்தை ஓட்டிவிடலாம் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

அப்புறம்தான் அந்தப் பிராந்து வந்தது. பருந்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அடுத்த வளவு முற்றத்தில் சாளை மீனைக் காயப் போட்டிருந்தார்கள். எந்நேரமும் மேலே இரண்டு மூன்று பிராந்து சுற்றும். நான் அவற்றைக் கவனித்ததே இல்லை. அன்று காலை பதினோரு மணி இருக்கும். குட்டியை மணலில் சரித்துவிட்டுச் சுளகைத் தட்டிக்கொண்டிருந்தேன். தரையில் ஒரு நிழல் விசுக்கென்று ஓடியது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே செம்பழுப்பு இறக்கை, விரித்த நகம்.

யோசித்துச் செய்யவில்லை. சுளகை அதன் மேல் வீசிவிட்டுக் குப்புற விழுந்து குட்டியை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இறக்கைக் காற்று என் பிடரியில் அடித்தது. அதே நொடியில் என் வலது ஆள்காட்டி விரலில் சுரீர் என்றது. பயத்தில் குட்டி கடித்துவிட்டது. நான் வீறிட்டு அதைக் கீழே விட்டேன். விரலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை பெரிதாகி ஒன்றாகச் சேர்ந்து வழிந்தன.

என் சத்தம் கேட்டு டீச்சர் இறங்கி ஓடிவந்தார். என் கையைப் பிடித்துத் தொட்டியடிக்கு இழுத்துப்போய்ச் சவுக்காரக் கட்டியைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

“போதும் டீச்சர், எரியுது.”

“சும்மா நில்லு. ஒரு ஜெபமாலை முடியுற மட்டும் கழுவணும்.”

மெய்யாகவே முழு ஜெபமாலையையும் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். முடிந்ததும், “ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு” என்றார்.

“இத்துனூண்டு குட்டிதானே டீச்சர். பால்பல்லு. ஒண்ணும் செய்யாது” என்றேன். பொய். என் மனதில் பதினான்கு ஊசிகள் வரிசையாக நின்றன. போனால் அந்தக் கம்பி ஜன்னல் இருக்கும். அதற்குப் பயந்துதான் போகவில்லை.

அதற்குப் பிறகு குட்டியைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. விளக்குமாற்றால் அதைக் குளியலறைக்குள் தள்ளி, பால் கிண்ணத்தை ஒரு கம்பால் உள்ளே நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு சத்தமில்லை. சாயங்காலம் கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தேன். ஈரத் தரையின் மூலையில் சுருண்டு கிடந்தது. பால் வைத்தபடியே இருந்தது. ஒரு சொட்டு குறையவில்லை.

குடிக்கவில்லை. வெறி பிடித்ததுதான் குடிக்காது. கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். வெந்நீர் பாட்டில் வைக்கவில்லை. மறுபடி திறக்கவும் இல்லை.

காலையில் உள்ளே தகரவாளி உருளுகிற சத்தம் கேட்டது. திறந்தேன். குட்டி பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. நாலு காலும் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தன. தலை பின்னால் வளைந்திருந்தது. கண் திறந்தே இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. வாயோரம் நுரை.

எப்படி மாடிப்படி ஏறினேன் என்று தெரியாது. “டீச்சர், நுரை தள்ளுது, நுரை தள்ளுது” என்று மட்டும் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

டீச்சர் கீழே வந்து பார்த்து, “எஞ்சேசுவே” என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு ஆள் மதில் மேலாக எட்டி, “சாக்குல கெட்டிக் கடல்ல போட்டுருங்க. வச்சிருக்கப்பிடாது” என்றார்.

நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். டீச்சர்தான் திரும்பி அவரைப் பார்த்து, “கடல்ல போட்டுட்டா இந்தப் பிள்ளையைக் கடிச்சது என்னன்னு யாரு சொல்லுவா? நீரு சொல்லுவீரா?” என்றார். பிறகு என்னிடம், “மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். அங்கன டாக்டர் பாத்துச் சொல்லட்டும்.”

அவரே கையில் பழைய துணிகளைச் சுற்றிக்கொண்டு குட்டியை எடுத்து மூடி போட்ட பனையோலைப் பெட்டிக்குள் வைத்தார். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினோம். பெட்டி எங்கள் இருவர் காலுக்கும் நடுவில். உள்ளே நகம் ஓலையைப் பிறாண்டுகிற சத்தம். நான் காலைத் தூக்கிச் சீட்டின் மேல் மடக்கிக்கொண்டேன்.

“என்னம்மா, நண்டா?” என்று ரிக்‌ஷாக்காரர் கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி, வேகமாப் போங்க” என்றார் டீச்சர்.

வழியெல்லாம் நான் எச்சிலை விழுங்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தொண்டை அடைக்கிறதா, வலிக்கிறதா என்று. அடைக்கிற மாதிரிதான் இருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு கன்றுக்குட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த டாக்டர், பெட்டியைத் திறந்து பார்த்தார். பயப்படவில்லை. குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறை அமுக்கினார். வெளுத்திருந்தது.

“டாக்டர், வாய்க்குள்ள கை விடாதீங்க!” என்று கத்தினேன்.

அவர் என்னைக் கவனிக்காமல், “சீனி கொண்டா” என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர்களுடைய டீக்குப் போடுகிற சீனி, ஒரு கிண்ணத்தில் வந்தது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் எடுத்துக் குட்டியின் ஈறில் தேய்த்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஒரு துண்டை எடுத்து அதைச் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“கடைசியா எப்பம்மா சாப்பிட்டுச்சு?”

டீச்சர் என்னைப் பார்த்தார்.

“நேத்துக் காலைல,” என்றேன்.

“இத்தனை சின்ன ஜாதிக் குட்டிக்கு உடம்புல சேமிப்பே கிடையாதும்மா. அரைநாள் பட்டினி போட்டுக் குளிர்லயும் விட்டா ரத்தத்துல சர்க்கரை இறங்கிரும். அப்புறம் இழுப்புத்தான் வரும். இது வெறி இல்ல. பசி.”

கால் மணி நேரத்துக்குள் துண்டுக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. டாக்டரின் சீனி விரலைத் தேடி நக்கியது. பிறகு மேசை மேல் நின்றது. ஆடிக்கொண்டே நின்றது.

எனக்கு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது அவமானம். அந்தக் கதவுக் கொண்டியைப் போட்டது என் கை.

“வெறி பிடிச்ச நாய்க்குச் சீனி கொடுத்தா எழுந்து நிக்காதுல்ல?” என்று டீச்சர் எனக்காகக் கேட்டார்.

“நிக்காது. ஆனாலும் கடிச்சிருக்கு. பத்து நாள் கண்காணிங்க. பெரியாஸ்பத்திரியிலயும் கையைக் காட்டிருங்க.”

பெரியாஸ்பத்திரி டாக்டரும் அதையேதான் சொன்னார். நாய் கண் முன்னால் இருக்கிறது, பத்து நாள் நன்றாக இருந்தால் ஊசி வேண்டாம், ஒரு சின்ன மாறுதல் தெரிந்தாலும் அன்றைக்கே வா என்றார். அந்தக் காலத்தில் அப்படி. இப்போது யாரையும் அப்படிக் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. அந்தப் பத்து நாளை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால், குழைத்த சோறு. ஒரு வேளைகூடத் தவறவில்லை. அதைவிட முக்கியம் தண்ணீர். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து எதிரே மண்டியிட்டுக் காத்திருப்பேன். அது வந்து மோந்து பார்க்கும். அந்த ஒரு நொடி என் மூச்சு நின்றுவிடும். பிறகு ரோஜா இதழ் மாதிரி நாக்கு நீண்டு சளக் சளக் என்று குடிக்கும். காலையில் படியிலிருந்து டீச்சரின் முதல் கேள்வியே, “தண்ணி குடிச்சுதா?” என்பதுதான். “குடிச்சுட்டு டீச்சர்” என்பேன். “தோத்திரம்” என்று உள்ளே போவார். அடுத்து நானும் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துப் பார்ப்பேன். எனக்கு இறங்குகிறதா என்று.

கண்ணாடியில் என் கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தேன். விளக்கைப் பார்த்தால் கூசுகிறதா என்று பார்த்தேன். கணவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, “இங்கு அனைவரும் நலம்” என்பதற்கு மேல் ஓடாமல் கிழித்துப் போட்டேன்.

இழுப்பு வந்ததற்கு எட்டாம் நாள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்த குட்டி எழுந்து ஒரு சத்தம் போட்டது. அதுவரை நான் கேட்டிராத சத்தம். குரைப்பு இல்லை, அழுகையும் இல்லை. இழுத்து, உடைந்து, ஊளை மாதிரி. குரல் மாறினால் கவனி என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். அது பின்கதவை இரண்டு முன்னங்காலாலும் வெறிகொண்டு பிறாண்டிக்கொண்டிருந்தது. அங்கும் இங்கும் ஓடியது. மறுபடி கதவில் மோதியது.

நான் கட்டில் மேல் ஏறிவிட்டேன். “டீச்சர்! குரல் மாறிட்டு டீச்சர்!”

டீச்சர் ஒரு கையில் விளக்குமாறும் இன்னொரு கையில் ஜெபமாலையுமாக முன்வாசலில் வந்து நின்றார். சிறிது நேரம் பார்த்தார். “கதவைத் தொறந்து விட்டுருவோம். வெளியே போனாலாவது நாம தப்பிப்போம்” என்று சொல்லி, சுவரோரமாகவே நகர்ந்து போய், விளக்குமாற்றுக் கட்டையால் தாழ்ப்பாளை நெம்பினார். கதவு திறந்தது.

குட்டி பாய்ந்து ஓடியது. இரண்டு படியில் உருண்டு விழுந்து, எழுந்து, நேரே பூவரச மரத்தடிக்குப் போனது. மூக்கைத் தரையில் வைத்து ஒரு வட்டம் அடித்தது. உட்கார்ந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு பின்னங்காலால் மணலைத் தள்ளிவிட்டு, நிதானமாக நடந்து வந்து, படியேற முடியாமல் எங்களைப் பார்த்தது.

டீச்சர் விளக்குமாற்றைக் கீழே போட்டார். “ஏ பிள்ள, இது சொல்லிட்டுல்லா போகுது!”

நான் கட்டில் மேலேயே உட்கார்ந்து அழுதேன். டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார், கன்னத்தில் தண்ணீர் வழிய. மரத்தின் மேலே வானத்தில் ஒரு பிராந்து வட்டம் போடுவதைப் பார்த்ததும்தான் கட்டிலிலிருந்து குதித்தேன். ஓடிப்போய்க் குட்டியைக் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்தேன். உள்ளே வந்த பிறகுதான் கையில் இருப்பது நாய் என்பது உறைத்தது. வயிறு வெதுவெதுவென்று இருந்தது. அதற்குள் ஒரு நெஞ்சு என்னைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

பத்து நாளும் முடிந்து அடுத்த வாரம் என் கணவர் வந்தார். தழும்பைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், கொண்டி போட்டதையும் மறைக்காமல். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு தந்தி அடிச்சிருக்கலாம்லா?”

“என்னன்னு அடிப்பேன்? ‘குட்டி தண்ணி குடிச்சுட்டு’ன்னா?”

அவர் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் மறுபடியும் பாம்பனுக்குப் போக வேண்டி வந்தபோது, “குட்டியை எங்க அக்கா வீட்டுல விட்டுட்டுப் போறேன். நீ பயப்படாம இரு” என்றார்.

“அங்க யாரு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கப் பாத்துப் பாத்துக் கொடுப்பா? இங்கனயே கெடக்கட்டும்.”

அவர் தெருமுனை திரும்புகிற வரை வாசலில் நின்றேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது நானும் அதுவும் மட்டும்தான் வீட்டில். அது கொட்டாவி விட்டது. பற்கள் இன்னும் பெரிதாகியிருந்தன. நான் ஓரடி தள்ளி நின்றுகொண்டேன். பாலை அடுப்பில் வைத்தேன்.